கிரில்லை மறைத்துப் பார்த்தால்: பிஎம்டபிள்யூ 7 சீரிஸின் தோற்றம் பற்றிய மதிப்புரை

பிஎம்டபிள்யூ 7 சீரிஸின் ஏழாம் தலைமுறைக் காரையும் மூன்றாம் தலைமுறைக் காரையும் அருகருகே நிறுத்தி, ஒரு மாலைப்பொழுது முழுவதும் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் கிடைத்தது. புதியது 2022 ஏப்ரலில் அறிமுகமானது. நிறுவனத்தின் உள்குறியீட்டில் அதன் பெயர் ஜி70. பழையது 1994 முதல் 2001 வரை தயாரிக்கப்பட்ட இ38. எஞ்சினையும் வேகத்தையும் சார்ஜ் ஏறும் நேரத்தையும் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள் என்பதால், இந்த மதிப்புரையில் தோற்றத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். அதிலும், பல பத்தாண்டுகளாக ஒரு நிறுவனம் சேர்த்துவைத்த முகச்சாயல் இந்தப் புதிய காரில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற ஒரே கேள்வியை.

எங்கள் சோதனை எளியது. இரண்டு கார்களின் முன்பக்கக் கிரில்லையும், அதாவது காற்று உள்ளே போகும் சட்டத்தையும், துணியால் மூடிவிட்டு, இருபது அடி தள்ளி நின்று பார்த்தோம். இ38-க்கு விரித்த கைக்குட்டை ஒன்று போதுமானதாக இருந்தது. ஜி70-க்குக் கைக்குட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போய்க் குளியல் துண்டை எடுத்துவர வேண்டியதாயிற்று. மூடிய பிறகு பழைய காரில் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. கார்களைப் பற்றி ஓரளவு தெரிந்த எவரும் அதை வேறொரு நிறுவனத்தின் கார் என்று நினைக்க மாட்டார். புதியதை மூடியதும் எஞ்சியது பெரிய, விலை உயர்ந்த, ஆனால் யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு கார்.

நன்கு பழகியவர் தெருமுனையில் வரும்போதே, முகம் தெரிவதற்கு முன்பாக, நடையை வைத்து அவரை அடையாளம் கண்டுகொள்கிறோம் அல்லவா? இ38-இன் அடையாளம் அப்படிப்பட்டது. முன்சக்கரம் காரின் மூக்குக்கு மிக அருகில் இருக்கிறது. சக்கரத்திற்கும் முன்கதவுக்கும் நடுவில் தாராளமான இடைவெளி. அதனால் பானெட் நீளமாகவும் பயணிகள் அறை பின்னோக்கித் தள்ளியும் தெரிகின்றன. பின்சக்கரங்களால் உந்தப்படும், நீண்ட எஞ்சினைச் சுமக்கும் காரின் உடலமைப்பு இது என்பதை எந்த எழுத்தும் இல்லாமல் அந்த விகிதமே சொல்லிவிடுகிறது. ஹெட்லைட்டுகள் கண்ணாடிக்குப் பின்னே இரண்டிரண்டு வட்டங்களாக இருக்கின்றன. 1968-இல் வந்த பெரிய செடான்களிலிருந்தே தொடரும் நான்கு வட்டங்கள் அவை. கதவின் நடுவே பம்பரிலிருந்து பம்பர் வரை ஓடும் கோட்டில் விரலை வைத்து நடந்தால், முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை விரல் எங்கும் தடுக்காது. காரின் உயரம் 1,435 மில்லிமீட்டர்தான். பக்கத்தில் நின்றால் கூரையின் மீது முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசலாம்.

பின்கதவுக் கண்ணாடி முடியும் இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கூரையைத் தாங்கும் பின்தூண் கீழே இறங்கி, கதவைத் தொடும் இடத்தில் சட்டென்று முன்னோக்கி மடங்குகிறது. 1961-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு வந்த பிஎம்டபிள்யூ 1500 காரிலிருந்து இந்த மடிப்பு அந்நிறுவனத்தின் கார்களில் தொடர்ந்து வருகிறது. அன்றைய வடிவமைப்புத் தலைவர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நியாயமாகப் பார்த்தால் இதை பிஎம்டபிள்யூதான் கண்டுபிடித்தது என்று சொல்ல இயலாது; 1951-இல் வந்த அமெரிக்கக் கைசர் காரிலேயே இதைப் போன்ற மடிப்பு உண்டு. ஆனால் கைசர் அதைக் கைவிட்டு மறைந்துபோனது. பிஎம்டபிள்யூ அதையே திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தலைமுறையிலும் சிறிது மாற்றி வரைந்துகொண்டே இருந்தது. ஒரு நிறுவனத்துக்குச் சாயல் என்ற ஒன்று அப்படித்தான் உருவாகிறது. முதலில் வரைந்தவருக்கு அல்லாமல், விடாமல் வரைந்தவருக்கு அது சொந்தமாகிறது.

இனி ஜி70-இன் முகம். துண்டை எடுத்ததும் முதலில் கண்ணில் படுவது கிரில்லின் உயரமும் அகலமும் மட்டுமல்ல, அது நிற்கும் விதம். சிறுநீரகங்களைப் போல இரண்டாகப் பிரிந்திருப்பதால் கிட்னி என்று பெயர்பெற்ற பழைய கிரில், பானெட்டின் சரிவு முடியும் இடத்தில் அமர்ந்திருக்கும். பானெட்டின் இருபுறக் கோடுகளும் ஓடிவந்து அதில் சேரும். புதியதில் முகம் ஒரு சுவரைப் போலச் செங்குத்தாக நிற்க, அந்தச் சுவரில் கிரில்லைப் பதித்திருக்கிறார்கள். அதன் விளிம்பை ஒளிரவைக்கும் வசதியும் இருக்கிறது. ஹெட்லைட்டுகளை இரண்டாகப் பிரித்து, மேலே மெல்லிய பகல்விளக்கையும் அதற்குக் கீழே கறுப்புக் குழிவுக்குள் உண்மையான விளக்கையும் வைத்திருக்கிறார்கள். மேல்விளக்கில் ஸ்வரோவ்ஸ்கி படிகங்களைப் பதித்துத் தரும் விருப்பத்தேர்வும் உண்டு. அந்தப் படிகங்களை அருகில் குனிந்து பார்த்தேன். வேலைப்பாடு உண்மையிலேயே உயர்ந்தது. ஒவ்வொரு முகப்பும் கூர்மையாக வெட்டப்பட்டு, அந்திவெயிலை உடைத்து உடைத்துத் தெறிக்கிறது. நகைக்கடை விளக்கின் கீழே வைத்திருந்தால் நான் பாராட்டியிருப்பேன். காரின் கண்ணாக வைத்தபோது, அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் பட்டது, ஏனென்றால் இரவில் சாலையைப் பார்க்கும் விளக்கு கீழே, கறுப்புக்குள், முகமில்லாமல் ஒளிந்திருக்கிறது.

நான்கு வட்ட விளக்குகளை விட்டுவிட்டார்களே என்ற ஏக்கம் எனக்குப் பெரிதாக இல்லை. எல்இடி வந்த பிறகு விளக்குக்கு வட்டமான பிரதிபலிப்பான் தேவையில்லை. தேவையில்லாததை நினைவுக்காக மட்டும் சுமப்பதும் ஒருவகை வேடம்தான். என் குறை வேறு. மற்ற எல்லாக் குறிகளும் மங்கிய பிறகு, மிஞ்சிய ஒரே குறியான கிரில்லின் மீது முழுச் சுமையையும் ஏற்றிவிட்டார்கள். உடல் சொல்லாததை முகம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறாம் தலைமுறைக் காரை 2019-இல் புதுப்பித்தபோது கிரில்லைச் சுமார் 40 சதவீதம் பெரிதாக்கினார்கள். ஜி70 அதே திசையில் எடுத்த அடுத்த அடி. நடையில் தெரிந்த ஆள், இப்போது கழுத்தில் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு வருகிறார். இரவானால் அந்தப் பலகைக்கு விளக்கும் எரிகிறது.

இதற்கு இன்னும் தெளிவான சான்று 2023-இல் வந்த 5 சீரிஸில் இருக்கிறது. மேலே சொன்ன ஹோஃப்மைஸ்டர் மடிப்பின் அடியில், தூணின் மேற்பரப்பிலேயே 5 என்ற எண்ணைப் புடைப்பாகப் பதித்திருக்கிறார்கள். அறுபது ஆண்டுகளாக எழுத்தின்றித் தன்னை அறிவித்துக்கொண்ட ஒரு கோட்டுக்குப் பக்கத்தில், அது எது என்று விளக்கக் குறிப்பு எழுத வேண்டிய நிலை வந்துவிட்டது.

பக்கவாட்டில் ஜி70 எனக்கு எதிர்பார்த்ததைவிடப் பிடித்திருந்தது. பெரிய, அமைதியான, மடிப்புகள் குறைந்த பரப்பு. கதவுக் கைப்பிடிகள் தகட்டோடு சமமாகப் படிந்திருக்கின்றன. ஆனால் அளவு எல்லாவற்றையும் மீறிவிடுகிறது. நீளம் 5,391 மில்லிமீட்டர், அகலம் 1,950, உயரம் 1,544. இ38-இன் சாதாரண வடிவத்தைவிட நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் நீளம், ஏறக்குறைய பதினோரு சென்டிமீட்டர் உயரம். செடான் காருக்குப் பதினோரு சென்டிமீட்டர் என்பது சிறிய சேர்க்கை அல்ல. 20, 21 அங்குலச் சக்கரங்களைப் போட்டும் அந்தப் பக்கச்சுவர் கனமாகவே தெரிகிறது. பழைய கார் பக்கத்தில் நிற்காவிட்டால் இது இவ்வளவு உறைக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த மாற்றத்துக்கு வடிவமைப்பாளர்களை மட்டும் பழிப்பது முறையல்ல. ஐரோப்பாவில் 2005 முதல் புதிய கார்களுக்கு வந்த பாதசாரிப் பாதுகாப்பு விதிகளின்படி, மோதலில் ஒருவரின் தலை பானெட்டில் விழுந்தால் தகடு உள்வாங்க இடம் இருக்க வேண்டும். அடியில் உள்ள கடினமான எஞ்சின் பாகங்களில் தலை இடிக்கக் கூடாது. எனவே பானெட் உயர்ந்தது, மூக்கு தடித்தது. அந்த விதி உயிர்களைக் காக்கிறது. அதைப் பற்றி எவரும் முணுமுணுக்க வேண்டியதில்லை. இரண்டாவது காரணம் பேட்டரி. ஜி70 பெட்ரோல், டீசல், மின்சாரம் எனப் பல வடிவங்களில் ஒரே உடலோடு வருகிறது. மின்சார ஐ7 எக்ஸ்டிரைவ்60 காரில் பயன்படுத்தத்தக்க கொள்ளளவு 101.7 கிலோவாட் மணி கொண்ட பேட்டரி தரைக்கடியில் கிடக்கிறது. தரை உயர்ந்தால் இருக்கை உயர வேண்டும், இருக்கை உயர்ந்தால் கூரையும் உயர வேண்டும். பேட்டரியே இல்லாத பெட்ரோல் காரை வாங்குபவரும் அந்த உயரத்தைச் சேர்த்தே வாங்குகிறார். மூன்றாவது, இந்தக் காரின் முதன்மையான வாடிக்கையாளர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பின்னிருக்கைக்கு இடம் மாறிவிட்டார். முன்பு குட்டை, நீளம் என இரண்டு அளவுகளில் வந்த 7 சீரிஸ் இப்போது 3,215 மில்லிமீட்டர் சக்கர இடைவெளி கொண்ட நீண்ட வடிவத்தில் மட்டுமே வருகிறது. குட்டை வடிவம் தானே ஓட்டிப் போகிறவருக்காக இருந்தது. அதை நிறுத்தியதே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

முதல் இரண்டு காரணங்களும் உயரத்தை விளக்குகின்றன, கிரில்லை விளக்கவில்லை. ஐ7-க்கு முன்னால் பெரிய ரேடியேட்டருக்குக் காற்று கொடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அவ்வளவு காற்றை உள்ளே விடத் தேவையில்லாத கார் இவ்வளவு பெரிய மூக்கோடு வருவது விந்தைதான்.

இங்கே எதிர்வாதம் ஒன்று வரும், அதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன்: கிட்னி கிரில் என்றைக்கு ஒரே அளவில் இருந்தது? உண்மைதான். 1933-இல் 303 காரில் முதன்முதலாக வந்தபோது அது உயரமாக, முகத்தின் பெரும்பகுதியை நிரப்பிக்கொண்டு நின்றது. 1956-இல் 507 காரில் படுத்துக்கொண்டு அகலமாயிற்று. 1960-களில் நடுவே இரண்டு ஒல்லியான பட்டைகளாகச் சுருங்கியது. ஆகவே பெரிய கிரில் மரபுக்கு விரோதமானது என்று சொல்பவர் வரலாற்றைப் பாதிதான் படித்திருக்கிறார். ஆனால் 303-இன் கிரில்லுக்குப் பின்னால் அதே உயரத்தில் ரேடியேட்டர் நின்றது. வடிவம் வேலையிலிருந்து பிறந்தது. 507-இன் மூக்கு தாழ்ந்ததால் கிரில் படுத்தது. ஒவ்வொரு முறையும் கிரில் உடலுக்கு இணங்கியது. ஜி70-இல் உடல் கிரில்லுக்கு இணங்கியிருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலியது. 2001-இல் வந்த நான்காம் தலைமுறை, அதாவது இ65, கிறிஸ் பேங்கிள் வடிவமைப்புத் தலைவராக இருந்த காலத்தில் பிறந்தது. வெளித்தோற்றம் ஏட்ரியன் வான் ஹூய்டாங்க் வரைந்தது. டிக்கியின் மூடி தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஆனாலும் அது இ38-ஐவிடக் கூடுதலான எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. ஆக, ரசிகர்களின் கோபம் சந்தையின் தீர்ப்பு ஆகாது. இதை நான் மறுக்கவில்லை. என் பார்வையில் இ65 அழகான கார் அல்ல. ஆனாலும் இன்று கிரில்லை மூடிப் பார்த்தால் அதை அடையாளம் கண்டுவிடலாம், அந்த டிக்கியே காட்டிக்கொடுத்துவிடும். விகாரம் வேறு, சாயல் இழப்பு வேறு. மூக்கு கோணலான பிள்ளையும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

உள்ளே போனால் தீர்ப்பு சற்று மாறுகிறது. இ38-இல் நடு டேஷ்போர்டு ஓட்டுநரை நோக்கித் திரும்பியிருக்கும். 1970-களிலிருந்து பிஎம்டபிள்யூ கடைப்பிடித்த ஏற்பாடு அது, இந்த அறைக்கு யார் தலைவர் என்பதைச் சொல்லும் ஏற்பாடு. இ65 அதைக் கைவிட்டு, 2008-இல் வந்த ஐந்தாம் தலைமுறை மீட்டது. ஜி70-இல் 12.3 அங்குலத் திரையும் 14.9 அங்குலத் திரையும் ஒரே வளைந்த கண்ணாடியில் அமைந்து, ஓட்டுநர் பக்கம் இலேசாகத் திரும்பியிருக்கின்றன. எனவே அந்த மரபு முற்றிலும் போகவில்லை என்று சொல்லலாம். ஆனால் பழைய காரில் குளிர்சாதனப் பொத்தானைச் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் விரல் தேடிப் பிடித்துவிடும்; புதியதில் அதே வேலை திரைக்குள் போய்விட்டது. திரைக்குக் கீழே படிகம் போல வெட்டி, நிறம் மாறி ஒளிரும் ஒரு பட்டை டேஷ்போர்டின் அகலத்துக்கு ஓடுகிறது. ஹெட்லைட்டில் பார்த்த அதே நகைக்கடை ரசனை.

பின்னிருக்கை வேறு உலகம். கூரையிலிருந்து இறங்கும் 31.3 அங்குலத் திரை, பொத்தானை அழுத்தினால் தானே திறந்து மூடும் கதவுகள், கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும் இருக்கை: இவ்வளவையும் ஒரே காரில் இவ்வளவு நேர்த்தியாகச் சேர்த்ததற்குப் பாராட்ட வேண்டும். இருக்கையின் தையலும் மெத்தையும் இ38-ஐவிடப் பல படிகள் மேலானவை. பழைய காரை நேசிப்பவன் என்பதற்காக இதை மறைக்கப்போவதில்லை. திரை இறங்கியவுடன் ஓட்டுநரின் உட்புறக் கண்ணாடியில் பின்சாலைக்குப் பதிலாகத் திரையின் முதுகுதான் தெரியும். ‘ஓட்டும் இன்பம்’ என்ற சொல்லையே விளம்பர வாசகமாக வைத்திருக்கும் நிறுவனத்தின் காரில் ஓட்டுநர் எங்கே நிற்கிறார் என்பதை அந்தச் சிறிய கண்ணாடியில் பார்த்தேன்.

மற்ற நிறுவனங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நோயின் அளவு புரியும். மெர்சிடிஸின் வடிவமைப்பை 1975 முதல் 1999 வரை வழிநடத்திய புரூனோ சாக்கோ இரண்டு விதிகளை வைத்திருந்தார்: ஒரே காலத்து மாடல்கள் அனைத்தும் உடன்பிறந்தவை போல இருக்க வேண்டும், புதிய மாடல் தன் முன்னோடியைக் கிழடாக்கிவிடக் கூடாது. அதே நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த மின்சார ஈக்யூஎஸ், 0.20 என்ற மிகக் குறைந்த காற்றுத்தடைக் குணகத்துக்காகக் கூழாங்கல் போல வழவழப்பாக்கப்பட்டது. பொறியியலாகப் பெரிய சாதனை. பார்வைக்கோ, சோப்பைப் பயன்படுத்தப் பயன்படுத்தக் கரைந்த எழுத்து. 2024-இல் அதற்குக் குரோம் பட்டைகளையும் பானெட்டின் மேல் நிமிர்ந்து நிற்கும் நட்சத்திரத்தையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். பானெட்டில் நட்சத்திரம் ஏறிவிட்டது, ஆனால் அதைத் தாங்கி நின்ற நீண்ட பானெட் வரவில்லை.

ஜாகுவாரின் கதை இரு முனைகளையும் தொட்டது. 1999-இல் எஸ்-டைப் என்ற பெயரில் 1960-களின் முகத்தை அப்படியே ஒட்டி ஒரு காரைச் செய்தார்கள். தாத்தாவின் கோட்டைப் போட்டுக்கொண்ட பேரனைப் போல அது பொருந்தாமல் நின்றது. 2024 டிசம்பரில் காட்டிய டைப் 00 மாதிரிக் காரில் பழைய முகத்தையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டிலும் தவறு ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: சாயல் என்பதை மேலே போட்டுக் கழற்றும் உடையாக எண்ணியது. எதிர்மாறாக, போர்ஷே 911-ஐப் பாருங்கள். 1963-இல் காட்டிய கார் இன்று நன்றாகவே பெருத்துவிட்டது, பாதுகாப்பு விதிகள் எல்லாவற்றையும் சந்தித்துவிட்டது. ஆனாலும் கூரை பின்னோக்கி வழியும் அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தால் போதும். 1990-களின் இறுதியில் வட்ட விளக்கை மாற்றி ஒழுகும் வடிவ விளக்கை வைத்து ஒருமுறை வழுக்கினார்கள். அடுத்த தலைமுறையிலேயே வட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

பிஎம்டபிள்யூவுக்கும் இது தெரியாமல் இல்லை. 2025 செப்டம்பரில் அது காட்டிய மின்சார ஐஎக்ஸ்3-இல் கிட்னி மீண்டும் ஒல்லியாகி, 1960-களின் கார்களைப் போல முகத்தின் நடுவே செங்குத்தாக நிற்கிறது. அந்தக் காரை நேரில் சுற்றிப் பார்த்த பிறகுதான் அதைப் பற்றி எழுத வேண்டும்.

ஜி70-ஐ வாங்குவதென்றே முடிவு செய்தவருக்குச் சில யோசனைகள். இரண்டு வண்ணப் பூச்சைத் தவிருங்கள். பக்கச்சுவரின் உயரத்தை அது இரட்டிப்பாக்கிக் காட்டுகிறது. முழுக் கறுப்போ ஆழ்ந்த நீலமோ எடுத்தால் கிரில் முகத்தோடு கரைந்து, காரின் உண்மையான கோடுகள் சற்றே வெளியே வருகின்றன. கிரில் விளக்கும் படிக விளக்குகளும் வேண்டாம். அந்தப் பணத்தைப் பின்னிருக்கைக்குச் செலவிடுங்கள், ஏனென்றால் இந்தக் காரின் மிகச் சிறந்த பகுதி அங்கேதான் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும்போது வெளித்தோற்றம் கண்ணில் படாது என்பது கூடுதல் வசதி. தானே ஓட்ட விரும்புகிறவர், நன்றாகப் பராமரிக்கப்பட்ட குட்டை வடிவ இ38 ஒன்றைத் தேடிப் பார்க்கலாம். கதவின் அடிவிளிம்பிலும் சக்கர வளைவுகளிலும் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.